எம்.எல்.ஏ. 'கட்சி ஆளா', 'ஊர் ஆளா'? ஓட்டுப் பதிவை வைத்துச் சொல்ல முடியுமா? குமரி மாவட்டத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

கன்னியாகுமரி மாவட்டத்தில் சட்டமன்றத் தொகுதிகள் மொத்தம் ஆறு. 2021 தேர்தலில் இந்த ஆறும் நான்கு கட்சிகளுக்குப் பிரிந்து போயின. கன்னியாகுமரி தொகுதியில் அ.தி.மு.க.வின் தளவாய் சுந்தரம், நாகர்கோவிலில் பா.ஜ.க.வின் எம்.ஆர்.காந்தி, பத்மநாபபுரத்தில் தி.மு.க.வின் மனோ தங்கராஜ் ஜெயித்தார்கள். குளச்சல், விளவங்கோடு, கிள்ளியூர் மூன்றும் காங்கிரஸுக்குக் கிடைத்தன.

நாலு கொடி பறக்கிற மாவட்டம் என்றால் ஒரு கேள்வி தானாகவே வரும். இவர்களில் கட்சி சொன்னதற்கு மட்டும் கை தூக்கியவர் யார்? தொகுதிக்காகக் கட்சியோடு முரண்பட்டவர் யார்? அவையில் போட்ட ஓட்டை எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று தோன்றும். அமெரிக்காவில் இப்படித்தான் பார்க்கிறார்கள். ஒவ்வொரு உறுப்பினரும் எத்தனை முறை கட்சியோடு சேர்ந்து ஓட்டுப் போட்டார், எத்தனை முறை மாறிப் போட்டார் என்று மார்க் போட்டே வைத்திருக்கிறார்கள்.

இங்கே அப்படி மார்க் போட முடியுமா? அதற்கு முதலில் ஓட்டுப் பதிவு என்று ஒன்று இருக்க வேண்டும்.

ஓட்டுப் பதிவு எங்கே இருக்கிறது?

சட்டசபையிலும் நாடாளுமன்றத்திலும் பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. ஆதரிப்பவர்கள் 'ஆம்' என்பார்கள், எதிர்ப்பவர்கள் 'இல்லை' என்பார்கள். எந்தச் சத்தம் பெரியது என்று சபாநாயகர் முடிவு செய்வார். 'நிறைவேறியது' என்ற ஒரு வரிதான் அவைக் குறிப்பில் ஏறும். யார் 'ஆம்' சொன்னார், யார் வாயே திறக்கவில்லை, யார் கேன்டீனில் இருந்தார் என்பது எங்கேயும் பதிவாகாது.

பெயரோடு பதிவாக வேண்டும் என்றால் உறுப்பினர்கள் 'டிவிஷன்' கேட்க வேண்டும். மக்களவையில் அதற்கு இருக்கையிலேயே மின்னணு பட்டன் இருக்கிறது. ஆனால், தேவையில்லாமல் டிவிஷன் கேட்கிறார்கள் என்று சபாநாயகர் நினைத்தால், எழுந்து நிற்கச் சொல்லித் தலையை எண்ணிவிட்டுப் போகலாம். மக்களவை விதி 367 அந்த உரிமையை அவருக்குக் கொடுக்கிறது. தப்பிக்க முடியாத இடம் அரசியல் சாசனத் திருத்தம் மட்டும்தான். மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், வந்து ஓட்டுப் போட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்குக் காட்ட வேண்டும் என்பதால் அங்கே டிவிஷன் கட்டாயம். 2023 செப்டம்பரில் மகளிர் இடஒதுக்கீடு மசோதா 454-க்கு 2 என்று மக்களவையில் நிறைவேறியபோது, எதிர்த்த அந்த இரண்டு பேர் ஒவைசியும் இம்தியாஸ் ஜலீலும் என்று நாடே தெரிந்துகொண்டது இதனால்தான்.

அதே 2023-ல் குமரிக் கடற்கரைக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு மசோதாவும் வந்தது. கடலுக்கு அடியில் இருக்கும் கனிமங்களை ஏலத்தில் தனியாருக்குக் கொடுக்க வழிசெய்யும் கடல்சார் பகுதிக் கனிமங்கள் திருத்த மசோதா அது. ஆரோக்கியபுரத்தில் இருந்து நீரோடி வரை கடலை நம்பி வாழும் ஊர்கள் கவனித்திருக்க வேண்டிய மசோதா. மணிப்பூர் விவகாரத்தில் எதிர்க்கட்சிகளின் அமளிக்கு நடுவே ஆகஸ்ட் 1-ம் தேதி மக்களவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. இரண்டு நாளில் மாநிலங்களவையும் தாண்டிவிட்டது. இதற்கு யார் ஆதரவு, யார் எதிர்ப்பு என்று பெயர் வாரியாக ஒரு பட்டியலைக் காட்ட முடியாது. குமரி மீனவர் ஒருவர் இதை வைத்து எந்த எம்.பி.க்கும் மார்க் போட வழியில்லை.

சட்டசபைக் கணக்கு இதைவிட மோசம். அங்கே பெயரோடு, எண்ணிக்கையோடு ஓட்டு எடுப்பது அபூர்வம். அப்படி அபூர்வமாக நடந்த ஒன்று, 2017 பிப்ரவரி 18-ம் தேதி எடப்பாடி பழனிசாமி கோரிய நம்பிக்கை வாக்கெடுப்பு. உறுப்பினர்களைப் பகுதி பகுதியாக எழுப்பி எண்ணினார்கள். ஆதரவு 122, எதிர்ப்பு 11. அன்றைக்குக் குமரி மாவட்டத்தின் ஆறு தொகுதிகளும் தி.மு.க., காங்கிரஸ் கையில் இருந்தன. தி.மு.க. உறுப்பினர்கள் வெளியேற்றப்பட்டார்கள். காங்கிரஸ் வெளிநடப்பு செய்தது. ஆக, தமிழ்நாட்டுச் சட்டசபையின் சமீபகால வரலாற்றில் அதிகம் பேசப்பட்ட அந்த வாக்கெடுப்பில் 122-லும் குமரி இல்லை, 11-லும் இல்லை.

மாறிப் போட்டால் என்ன ஆகும்?

சரி, டிவிஷன் நடக்கிறது, பெயரும் பதிவாகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது அந்த உறுப்பினரின் மனசு என்று சொல்லிவிட முடியாது. காரணம், 1985-ல் 52-வது திருத்தம் மூலம் அரசியல் சாசனத்தில் சேர்ந்த பத்தாவது அட்டவணை. நாம் கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று சொல்வது இதைத்தான்.

இந்தச் சட்டத்தில் பதவி போக இரண்டு வழி உண்டு. ஒன்று, கட்சியின் உறுப்பினர் பதவியைத் தானாக முன்வந்து கைவிடுவது. இன்னொன்று, கட்சிக் கொறடாவின் உத்தரவை மீறி ஓட்டுப் போடுவது, அல்லது ஓட்டே போடாமல் இருப்பது. முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாலோ, 15 நாளுக்குள் கட்சி மன்னித்துவிட்டாலோ தப்பிக்கலாம். இல்லையென்றால் போவது கட்சிப் பொறுப்பு இல்லை, எம்.எல்.ஏ. பதவியே.

1992-ல் கிஹோட்டோ ஹொல்லோஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லும் என்றது. கூடவே ஒரு வரம்பும் சொன்னது: ஆட்சி நிலைக்குமா கவிழுமா என்கிற ஓட்டுக்கும், கட்சி மக்களிடம் சொல்லி ஓட்டு வாங்கிய முக்கியக் கொள்கைகளுக்கும்தான் பதவியைப் பறிக்கும் அளவுக்கு உத்தரவு போட வேண்டும். 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு கிட்டத்தட்ட இதே திசையில் பரிந்துரைத்திருந்தது. காங்கிரஸ் எம்.பி. மணீஷ் திவாரி 2010-ல் இதற்காகத் தனிநபர் மசோதாவே கொண்டுவந்தார். நடைமுறையில் எதுவும் மாறவில்லை. சாதாரண மசோதாவுக்கும் கொறடா உத்தரவு பறக்கிறது.

பத்துக்குப் பத்து முறை கட்சியோடு ஓட்டுப் போட்ட ஒருவரை இங்கே 'தீவிரக் கட்சிக்காரர்' என்று சொல்ல முடியாதது இதனால்தான். வேறு மாதிரி போட்டால் வேலை போய்விடும் என்றால் எல்லோரும் பத்துக்குப் பத்துதான். அந்த மார்க் கட்சியின் பிடியை அளக்கிறது. ஆளை அளக்கவில்லை.

விளவங்கோடு காட்டும் உதாரணம்

2011, 2016, 2021 என மூன்று முறை விளவங்கோட்டில் காங்கிரஸ் சார்பில் ஜெயித்தவர் விஜயதரணி. 2018 பிப்ரவரியில் சட்டசபையில் ஜெயலலிதாவின் படம் திறக்கப்பட்டபோது காங்கிரஸ் அதை எதிர்த்தது. விஜயதரணியோ வரவேற்றார். சபாநாயகர் தனபாலை நேரில் சந்தித்தும் தன் கருத்தைச் சொன்னார். இதில் சுவாரஸ்யம், அப்போது காங்கிரஸ் சட்டமன்றக் கட்சிக்குக் கொறடாவே அவர்தான். கட்சியின் நிலையை மற்றவர்கள் மீறாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர், தானே மாறி நின்றார். அது ஓட்டு இல்லை என்பதால் பதவிக்கு ஆபத்து வரவில்லை. எந்த ஓட்டுப் பதிவிலும் அது தென்படாது.

ஆறு வருஷம் கழித்து, 2024 பிப்ரவரி 24-ம் தேதி அவர் பா.ஜ.க.வில் சேர்ந்தார். எம்.எல்.ஏ. பதவியை ராஜினாமா செய்தார். மக்களவைத் தேர்தலோடு சேர்த்து ஏப்ரல் 19-ம் தேதி விளவங்கோட்டில் இடைத்தேர்தல் நடந்தது. காங்கிரஸின் தாரகை கத்பர்ட் ஜெயித்தார். ஆதரித்து ஓட்டுப் போட்டவர்களிடம் திரும்பிப் போய்க் கேட்க வேண்டியிருந்தது என்ற அளவில் சட்டம் தன் வேலையைச் செய்தது என்று சொல்லலாம்.

மாவட்டத்தின் இன்னொரு தொகுதியில் வேறொரு ரகம். 2024 அக்டோபரில் ஆர்.எஸ்.எஸ். பேரணியைத் தொடங்கி வைத்ததற்காகத் தளவாய் சுந்தரத்தின் கட்சிப் பொறுப்புகளை எடப்பாடி பழனிசாமி பறித்தார். எம்.எல்.ஏ. பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. கொஞ்ச நாளில் பொறுப்புகளும் திரும்பி வந்தன. இதையும் ஓட்டுக் கணக்கு பிடிக்காது.

எதிர்த்தவர் துணை முதல்வர், எதிர்க்காதவர் தகுதிநீக்கம்

ஓட்டை மட்டும் பார்த்தால் எவ்வளவு ஏமாந்து போவோம் என்பதற்கு 2017-ஐ விடப் பெரிய பாடம் தேவையில்லை. பிப்ரவரி 18-ம் தேதி ஓ.பன்னீர்செல்வமும் அவரோடு இருந்த பத்து எம்.எல்.ஏ.க்களும் சொந்தக் கட்சி அரசுக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள். அதுதான் அந்த 11. ஆகஸ்ட் 21-ம் தேதி இரு அணிகளும் இணைந்தன. ஓ.பி.எஸ். துணை முதல்வர் ஆனார்.

மறுநாள் டி.டி.வி.தினகரன் பக்கம் இருந்த எம்.எல்.ஏ.க்கள், முதல்வர் மீது நம்பிக்கை இல்லை என்று ஆளுநரிடம் கடிதம் கொடுத்தார்கள். அவையில் எதிர்த்து ஓட்டுப் போடவே இல்லை. ஆனாலும் செப்டம்பர் 18-ம் தேதி 18 பேரைச் சபாநாயகர் தகுதிநீக்கம் செய்தார். உயர் நீதிமன்றத்தில் முதலில் இரண்டு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு சொல்ல, மூன்றாவது நீதிபதி 2018 அக்டோபர் 25-ம் தேதி தகுதிநீக்கம் செல்லும் என்றார். 11 பேர் மீதான புகார் உச்ச நீதிமன்றம் வரை போய், 2020-ல் 'சபாநாயகர் முடிவெடுக்கட்டும்' என்று திரும்பி வந்தது.

எதிர்த்து ஓட்டுப் போட்டவர்கள் பதவியில் இருந்தார்கள். எதிர்த்து ஓட்டே போடாதவர்கள் வீட்டுக்குப் போனார்கள். இரண்டு தரப்பிலும் சட்ட நுணுக்கங்கள் இருந்தன என்பது உண்மைதான். ஆனால் தீர்ப்புச் சொல்லும் முதல் ஆள் சபாநாயகர், அவர் பெரும்பாலும் ஆளும்கட்சியில் இருந்து வந்தவர் என்பதும் உண்மை.

ஒரே ஓட்டு, வேறு வேறு காரணம்

2004 மக்களவைத் தேர்தலில் அப்போதைய நாகர்கோவில் தொகுதியில் பா.ஜ.க.வின் பொன்.ராதாகிருஷ்ணனைத் தோற்கடித்து எம்.பி. ஆனவர் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி.பெல்லார்மின். தி.மு.க., காங்கிரஸ் எல்லாம் அவருக்காக ஓட்டுக் கேட்டன. நாலு வருஷத்தில் காட்சி மாறியது. அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை எதிர்த்து இடதுசாரிகள் மன்மோகன் சிங் அரசுக்கான ஆதரவை விலக்கினார்கள். 2008 ஜூலை 22-ம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பில் அரசு 275-க்கு 256 என்று தப்பியது. அந்த 256-ல் மார்க்சிஸ்ட் கட்சியும் இருந்தது, பா.ஜ.க.வும் இருந்தது.

வெறும் எண்ணை வைத்துக் கணக்குப் போடும் ஒருவர், இந்த இரண்டு கட்சிகளும் அன்றைக்கு நெருக்கம் என்று எழுதிவிடுவார். நாகர்கோவிலில் யாரும் நம்ப மாட்டார்கள்! அதே நாளில் சுயேச்சையாக நின்ற ஒருவரும் உண்டு: மக்களவை சபாநாயகர் சோம்நாத் சாட்டர்ஜி. கட்சி சொன்னபடி பதவி விலக மறுத்ததற்காக மறுநாளே மார்க்சிஸ்ட் கட்சியில் இருந்து நீக்கப்பட்டார். அவர் செய்ததும் ஓட்டுப் பட்டியலில் இல்லாத செயல்தான்.

வெளிநடப்பு இன்னொரு வித்தை. 2019 ஜூலையில் முத்தலாக் மசோதாவை மக்களவையில் அ.தி.மு.க.வின் ஒரே எம்.பி.யான ஓ.பி.ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசினார். ஐந்து நாள் கழித்து மாநிலங்களவையில் அதே அ.தி.மு.க. எதிர்த்துப் பேசியது. ஓட்டெடுப்பு வந்தபோது வெளிநடப்பு செய்தது. மசோதா 99-க்கு 84 என்று நிறைவேறியது. எதிர்த்தார்களா, உதவினார்களா? வெளியே போனால் ஜெயிக்கத் தேவையான எண்ணிக்கை குறையும் என்பது அவையில் உட்கார்ந்திருக்கும் யாருக்கும் தெரியாத விஷயம் இல்லை.

வெளிநாட்டில் எப்படிப் பார்க்கிறார்கள்?

பிரிட்டனில் 2019 ஜனவரியில் பிரதமர் தெரசா மேயின் பிரெக்ஸிட் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் 118 பேர் அவருடைய சொந்தக் கட்சி எம்.பி.க்கள். அதே வருஷம் செப்டம்பரில் போரிஸ் ஜான்சனை எதிர்த்து ஓட்டுப் போட்ட 21 பேர் நாடாளுமன்றக் கட்சியில் இருந்து நீக்கப்பட்டார்கள். எம்.பி. பதவி போகவில்லை. கலகம் செய்தாலும் நாற்காலி மிஞ்சும் என்பதால்தான் அங்கே ஓட்டு ஒரு ஆளைப் பற்றி ஏதாவது சொல்கிறது.

அமெரிக்காவில் கட்சி உத்தரவுக்குச் சட்டபலமே கிடையாது. 2017-ல் ஒபாமா காலத்து மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தை நீக்கும் முயற்சி செனட்டில் 49-க்கு 51 என்று தோற்றது. ஜான் மெக்கெயின் உட்பட மூன்று குடியரசுக் கட்சியினர் மாறிப் போட்டதுதான் காரணம். ஆனால் அங்கேயும் மார்க் போடுவதில் ஓட்டை உண்டு. 2021-ல் பைடனின் உள்கட்டமைப்பு மசோதாவை அவர் கட்சியின் ஆறு எம்.பி.க்கள் எதிர்த்தார்கள். 'இது போதாது' என்று இடதுபக்கம் இருந்து எதிர்த்தவர்கள் அவர்கள். கட்சியோடு எத்தனை முறை ஒத்துப்போனார் என்ற கணக்கில் மட்டும் பார்த்தால், எதிர்க்கட்சிப் பக்கம் சாயும் மிதவாதிகள் மாதிரித் தெரிவார்கள்.

நாஞ்சில் நாட்டின் பழைய கணக்கு

கட்சித் தாவல் தடைச் சட்டம் வருவதற்கு முன்னால் இந்த மண்ணின் எம்.எல்.ஏ.க்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால், 'கட்சி ஆளா, ஊர் ஆளா' என்ற கேள்வியே கொஞ்சம் ஆட்டம் காணும்.

அப்போது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தன. தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்ற ஒரே கோரிக்கைக்காக இயங்கிய கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். அதன் முகம் மார்ஷல் நேசமணி. 1952 தேர்தலில் சட்டசபையில் அதற்கு எட்டு இடம்தான். ஆனால் யாருக்கும் தனிப்பெரும்பான்மை இல்லாத அவை அது. ஏ.ஜே.ஜான் அமைச்சரவை இந்த எட்டு பேரின் ஆதரவில் நின்றது. அதை விலக்கியதும் 1953 செப்டம்பரில் விழுந்தது.

1954 தேர்தலில் எட்டு, பன்னிரண்டானது. பட்டம் தாணுபிள்ளை முதல்வரானார். ஆகஸ்ட் 11-ம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் துப்பாக்கிச்சூடு நடந்தது, உயிர்கள் போயின. ஆறே மாதத்தில், 1955 பிப்ரவரியில் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் அவருடைய அரசு கவிழ்ந்தது. அடுத்து வந்த பனம்பிள்ளி கோவிந்த மேனன் அரசை இதே தமிழர் கட்சி ஆதரித்தது. அந்த அரசும் 1956 மார்ச்சில் போனது. இந்த முறை மாநில மறுசீரமைப்புப் பிரச்சினையில் காங்கிரஸுக்குள்ளேயே ஆறு பேர் விலகியதுதான் காரணம். நவம்பர் 1-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது.

இன்றைய அளவுகோலை எடுத்து அந்த எட்டு, பன்னிரண்டு பேரை அளந்தால் 'முழுக்க முழுக்கக் கட்சி ஓட்டு' என்றுதான் வரும். கட்சியே ஊரின் கோரிக்கையாக இருந்தபோது, கட்டுப்பாட்டோடு சேர்ந்து ஓட்டுப் போட்டதுதான் அவர்களுடைய பலம். ஆளுக்கொரு பக்கம் 'சுயேச்சையாக' கை தூக்கியிருந்தால் எட்டு பேரை யார் மதித்திருப்பார்கள்? கட்சிப் பற்று என்றாலே தொகுதிக்குத் துரோகம் என்று எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. கட்சியின் நிலை எங்கே முடிவாகிறது என்பதுதான் விஷயம்: மார்த்தாண்டத்திலா, சென்னையிலா, டெல்லியிலா?

அப்போ எதை வைத்துப் பார்ப்பது?

பேச்சை வைத்துப் பார்க்கலாம். 2023 ஆகஸ்ட்டில் சுரங்கம் மற்றும் கனிமங்கள் திருத்தச் சட்டம் மாநிலங்களவைக்கு வந்தபோது அ.தி.மு.க.வின் தம்பிதுரை ஆதரித்துப் பேசினார். அடுத்த வருஷம் மதுரை அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்க விவகாரம் வெடித்தது. 2024 டிசம்பர் 9-ம் தேதி சட்டசபையில் எதிர்ப்புத் தீர்மானம் வந்தபோது தி.மு.க. கையில் எடுத்தது அந்தப் பேச்சைத்தான். ஏலத்தைத்தான் ஆதரித்தோம், அரிட்டாபட்டியில் சுரங்கத்தை இல்லை என்பது அ.தி.மு.க.வின் பதில். ஓட்டுக்குப் பதிவு இல்லாத ஊரில் பேச்சுதான் சாட்சி.

அடுத்தது கேள்விகள். எம்.பி.க்களின் வருகை, கேட்ட கேள்விகள், பேசிய விவாதங்கள், தனிநபர் மசோதாக்களைப் பி.ஆர்.எஸ். அமைப்பு தொகுத்து வெளியிடுகிறது. கேள்வி கேட்கக் கொறடா அனுமதி வேண்டாம். மீன்பிடித் துறைமுகம், ரயில் பாதை, மணல் ஆலை என்று குமரிக்காரருக்கு முக்கியமானதை ஒரு எம்.பி. எத்தனை முறை கேட்டார், வந்த பதிலில் திருப்தி இல்லாமல் திரும்பக் கேட்டாரா என்று பார்க்கலாம். ஒரு எச்சரிக்கை: அமைச்சர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. 2014 முதல் 2019 வரை மத்திய இணை அமைச்சராக இருந்த பொன்.ராதாகிருஷ்ணன் கேள்வி கேட்கும் இடத்தில் இல்லை, பதில் சொல்லும் இடத்தில் இருந்தார். சட்டசபையில் அமைச்சரானவர்களுக்கும் இதேதான்.

சொந்தக் கூட்டணி ஆட்சியில் இருக்கும்போது கேட்ட கேள்விக்குக் கூடுதல் மார்க் கொடுக்கலாம். எதிர்க்கட்சியில் இருக்கும்போது எல்லோரும் வீரர்கள்தான்.

டிவிஷன் நடந்த நாட்களையும் விட்டுவிட வேண்டாம். 2025 ஏப்ரலில் வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288-க்கு 232 என்று நிறைவேறியது. குமரி எம்.பி. விஜய் வசந்தின் காங்கிரஸ் எதிர்த்த மசோதா அது. இப்படிப்பட்ட நாட்களில் 'ஆம்', 'இல்லை' பட்டியல் உறுப்பினர் பெயர்களோடு மக்களவை நடவடிக்கைக் குறிப்பில் அச்சாகும். மக்களவையின் இணையதளத்தில் விவாதங்கள் பகுதியில் தேதியைப் போட்டால் யாரும் எடுத்துப் பார்க்கலாம். எந்தப் பக்கம் பெயர் இருக்கிறது என்பதை ஊகித்துவிடலாம், அதற்குக் கட்சி பெயர் போதும். தேட வேண்டியது இரண்டு பட்டியலிலும் இல்லாத பெயர்களை.